நூற்றுக்குப் பதின்மூன்று பேர்: ஸ்லோவாக்கியாவின் ஐரோப்பியத் தேர்தல் கணக்கு

2014 மே 24, சனிக்கிழமை. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்காக ஸ்லோவாக்கியாவில் காலை 7 மணிக்குத் திறந்த வாக்குச்சாவடிகள் இரவு 10 மணிக்கு மூடப்பட்டன. வாக்குகளை அன்றிரவே எண்ணத் தொடங்கினாலும் முடிவை உடனே சொல்ல அனுமதி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கடைசி வாக்குச்சாவடி மூடப்படும்வரை எந்த உறுப்பு நாடும் முடிவை அறிவிக்கக் கூடாது என்பது விதி. இத்தாலியில் வாக்குப்பதிவு முடிய ஞாயிறு இரவு 11 மணி ஆகும். அப்படி ஒரு நாள் காத்திருந்து வெளிவந்த முடிவில் எந்தக் கட்சி முந்தியது என்பதைவிட வாக்குப்பதிவு விகிதமே செய்தியானது. சுமார் 44 லட்சம் வாக்காளர்களில் 5 லட்சத்து 76 ஆயிரம் பேர்தான் வாக்களித்திருந்தார்கள். 13.05 சதவீதம். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்கள் நேரடியாக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய 1979 முதல் எந்த நாட்டிலும் வாக்குப்பதிவு அவ்வளவு கீழே போனதில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

அது திடீர்ச் சரிவும் அல்ல. ஒன்றியத்தில் சேர்ந்த ஆறே வாரத்தில், 2004 ஜூனில் நடந்த முதல் ஐரோப்பியத் தேர்தலிலேயே ஸ்லோவாக்கியாவில் 17 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள், 2009இல் 19.6 சதவீதம். 2004 முதல் 2019 வரை அடுத்தடுத்து நான்கு தேர்தல்களில் ஒன்றியத்தின் கடைசி இடம் அந்த நாட்டுக்கே.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஸ்லோவாக்கியர்களுக்கு ஐரோப்பாவின் மீது வெறுப்பு என்பது ஒன்று. பழைய கம்யூனிச நாடுகளின் மக்களுக்குத் தேர்தல் என்றாலே சலிப்பு என்பது மற்றொன்று. இரண்டுமே அந்த நாட்டின் அண்மைக்கால வரலாற்றோடு பொருந்தவில்லை.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். 1990களில் விளாடிமிர் மெச்சியார் பிரதமராக இருந்தபோது ஆட்சி நடந்த விதத்தைக் கண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஸ்லோவாக்கியாவைத் தள்ளியே வைத்தது. 1997 டிசம்பரில் லக்சம்பர்கில் கூடிய ஒன்றியத் தலைவர்கள், அண்டை நாடுகளான போலந்து, செக் குடியரசு, ஹங்கேரி ஆகியவற்றோடு சேர்க்கைப் பேச்சுவார்த்தை தொடங்க முடிவெடுத்து, ஸ்லோவாக்கியாவை வெளியே நிறுத்தினார்கள். அதே ஆண்டு நேட்டோவும் அந்த மூன்று நாடுகளை மட்டுமே அழைத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் 84 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மெச்சியார் ஆட்சியை இழந்தார். மிகுலாஷ் ஜூரிண்டாவின் அரசு 2000இல் பேச்சுவார்த்தையைத் தொடங்கி, அண்டை நாடுகளை எட்டிப் பிடித்து, 2004 மே 1 அன்று அவற்றோடு ஒரே நாளில் ஒன்றியத்துக்குள் நுழைந்தது. எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் 2007 டிசம்பரிலும், யூரோ நாணயத்தில் 2009 ஜனவரியிலும் ஸ்லோவாக்கியா சேர்ந்தது. செக், போலந்து, ஹங்கேரி மூன்றும் யூரோவுக்குள் இன்னும் வரவில்லை என்பதை நினைத்தால், ஐரோப்பாவை வெறுக்கும் நாடு என்ற பட்டம் எவ்வளவு பொருந்தாதது என்பது தெரியும்.

ஒன்றியத்தில் சேரலாமா என்று 2003 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பிலும் வாக்களித்தவர்களில் 92 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சேரலாம் என்றே சொன்னார்கள். ஆனால் அன்று பதிவான வாக்குகள் 52 சதவீதம்தான். ஸ்லோவாக்கியச் சட்டப்படி, வாக்காளர்களில் பாதிக்கு மேல் கலந்துகொண்டால்தான் பொதுவாக்கெடுப்பு செல்லும். ஒரு திட்டத்தை எதிர்ப்பவர் வாக்குச்சாவடிக்குப் போய் வேண்டாம் என்று எழுதுவதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவது பலன் தரும் என்பதால், அந்நாட்டு அரசியலில் வாக்களிக்காமல் இருப்பதும் ஓர் உத்தியாகிவிட்டது. 2003க்கு முன் நடந்த வாக்கெடுப்புகளும், 2004, 2010, 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் நடந்தவையும் போதிய வாக்குகள் பதிவாகாமலே செல்லாமல் போயின. ஒன்றியத்தில் சேர்வதற்கான வாக்கெடுப்பு ஒன்றுதான் 50 சதவீத எல்லையைத் தாண்டியது.

இரண்டாவது காரணமான தேர்தல் சலிப்பை ஆராயும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது. 2012 மார்ச் பொதுத்தேர்தலில் 59 சதவீத வாக்குகள் பதிவாயின. 2014 மார்ச்சில் நடந்த அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் 50 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் ஊர் மன்றங்களுக்கும் மேயர்களுக்கும் நடந்த தேர்தலில் 48 சதவீதம். இடையில் மே மாதம் மட்டும் 13. ஆக, வாக்களிக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. எந்தத் தேர்தலுக்குப் போவது என்பதைத்தான் மக்கள் பொறுக்கி எடுக்கிறார்கள். இந்தப் பொறுக்கலில் கழித்துவிடப்படுவது ஐரோப்பா மட்டுமல்ல என்பதற்கும் சான்று இருக்கிறது. ஸ்லோவாக்கியாவில் எட்டு வட்டார அரசுகள் உள்ளன. மேல்நிலைப் பள்ளிகளும் வட்டாரச் சாலைகளும் அவற்றின் பொறுப்பு. அவற்றுக்கான தேர்தலில் 2005இல் 18 சதவீதமும் 2013இல் 20 சதவீதமும்தான் வாக்களித்தார்கள். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் தொலைவில் இருப்பதால் மக்கள் போகவில்லை என்றால், பக்கத்து நகரத்தில் இருக்கும் வட்டார மன்றத்துக்கு ஏன் போகவில்லை? தங்கள் ஊர் மேயர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிரதமர் யார் என்பதும் தெரியும். நடுவிலும் மேலேயும் இருக்கும் அவைகள் என்ன செய்கின்றன, அங்கே ஒருவருக்குப் பதில் இன்னொருவர் போனால் எது மாறும் என்பதுதான் தெரியவில்லை.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிதும் அல்ல. அதற்கு அதிகாரம் இல்லை என்பது பழைய கதை. ஒன்றியத்தின் அதிகார அமைப்பை மாற்றிய லிஸ்பன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 2009 முதல் பெரும்பாலான துறைகளில் உறுப்பு நாட்டு அரசுகளுக்குச் சமமாகச் சட்டமியற்றுகிறது. ஒன்றியத்தின் வரவுசெலவுத் திட்டத்தை மறுக்கவும் முடியும். ஆனால் அங்கே ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவு கிடையாது. உறுப்பினர்கள் நாடு வாரியாக அல்லாமல் கொள்கை வாரியான குழுக்களாக அமர்கிறார்கள். 2014இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து சென்ற 13 பேரைப் பாருங்கள்: கிறிஸ்தவ ஜனநாயக இயக்கம், ஜூரிண்டா வளர்த்த எஸ்டிகேயூ, ஹங்கேரிய மொழிச் சிறுபான்மையினரின் இரு கட்சிகள் என உள்நாட்டில் தனித்தனியே மோதிய நான்கு கட்சிகளின் 6 உறுப்பினர்களும் ஐரோப்பிய மக்கள் கட்சி என்ற ஒரே குழுவில் போய் உட்கார்ந்தார்கள். தேர்தல் களத்தில் அந்த நால்வரில் எவருக்கு வாக்களித்தாலும் பிரஸ்ஸல்ஸில் கணக்கு ஒன்றுதான். ஆளுங்கட்சியான ஸ்மேர் தன் பட்டியலின் முதலிடத்தில் மரோஷ் ஷெஃப்சோவிச்சை நிறுத்தியது. அவர் வென்றார், ஆனால் நாடாளுமன்றத்துக்குப் போகாமல், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தில் தாம் ஏற்கெனவே வகித்துவந்த ஆணையர் பதவிக்குத் திரும்பினார், அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தார். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. என்றாலும், பட்டியலின் முதல் பெயருக்காக வாக்களித்தவர் அடுத்த முறை என்ன நினைப்பார் என்பதை ஊகிக்கலாம்.

ஐரோப்பியத் தேர்தல்கள் பெயரளவில்தான் ஐரோப்பியத் தேர்தல்கள், உண்மையில் அவை நாட்டு அரசியலின் இரண்டாம் தரத் தேர்தல்கள் என்று ரைஃப், ஷ்மிட் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1980லேயே எழுதினார்கள். யார் ஆள்வது என்பது அதில் முடிவாவதில்லை என்பதால் வாக்குப்பதிவு குறையும், ஆளுங்கட்சி அடி வாங்கும், சிறு கட்சிகள் மேலே வரும் என்பது அவர்களுடைய கணிப்பு. ஸ்லோவாக்கியா அதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஆனால் அந்தக் கோட்பாட்டைக் கொண்டு மட்டும் 13 சதவீதத்தை விளக்கிவிட முடியாது. எல்லா நாடுகளுக்கும் அது பொருந்தும் என்றால் 2014இல் ஒன்றியச் சராசரி ஏன் 42 சதவீதத்துக்கு மேல் இருந்தது? பெல்ஜியம், லக்சம்பர்க் போன்ற நாடுகளில் வாக்களிப்பது கட்டாயம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதுதான். ஆகவே ஸ்லோவாக்கியாவுக்கே உரிய காரணங்கள் வேண்டும்.

அவற்றில் முதலாவது நாட்காட்டி. நாளிதழ்க் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாததும் இதுதான். ஸ்லோவாக்கியா தன் அதிபரை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது 1999இல். பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் காலமும் ஐந்து ஆண்டுகள், அதன் தேர்தல்களும் 1999, 2004, 2009 என்றே வருகின்றன. எனவே ஒவ்வொரு முறையும் அதிபர் தேர்தலுக்காக மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டு சனிக்கிழமைகள் வாக்குச்சாவடிக்குப் போய்வந்த வாக்காளரை, இரண்டு மாதம் கழித்து மூன்றாம் முறையாக மறுபடி அழைக்கிறார்கள். 2004இல் அதிபர் தேர்தலோடு ஒரு பொதுவாக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. 2014இல் நடந்ததோ ஒரு பெரிய மோதல்: ஸ்மேர் கட்சித் தலைவரும் பிரதமருமான ராபர்ட் ஃபீட்சோவே அதிபர் பதவிக்குப் போட்டியிட்டு, அதுவரை எந்த அரசியல் பதவியும் வகித்திராத தொழிலதிபர் ஆந்த்ரெய் கிஸ்காவிடம் மார்ச் 29 அன்று 59க்கு 41 என்ற கணக்கில் தோற்றார். ஃபீட்சோவுக்குப் பாடம் புகட்ட நினைத்தவர்கள் அதை அன்றே புகட்டிவிட்டார்கள். அவருடைய ஆதரவாளர்கள் சோர்ந்து போயிருந்தார்கள். மே மாதத்தில் தீர்க்க வேண்டிய வழக்கு எதுவும் மிச்சம் இல்லை.

நாட்காட்டிக்கு இவ்வளவு வலு உண்டா என்று கேட்பவர்கள் லிதுவேனியாவைப் பார்க்கலாம். அங்கும் அதிபரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள்தான். 2004இல் அதிபர் தேர்தலின் முதல் சுற்றும், 2014இலும் 2019இலும் இரண்டாம் சுற்றும் ஐரோப்பியத் தேர்தலோடு ஒரே நாளில் நடந்தன. வாக்குப்பதிவு முறையே 48, 47, 53 சதவீதம். 2009இல் அதிபர் தேர்தல் முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டதால் ஜூனில் ஐரோப்பியத் தேர்தல் தனியாக நின்றது: 21 சதவீதம். 2024இல் இரண்டுக்கும் இடையே இரு வார இடைவெளி விழுந்தது: 29 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதே மக்கள், அதே ஐரோப்பா. மாறியது தேதி மட்டும். ஸ்லோவாக்கியாவிலும், வட்டார மன்றத் தேர்தலை 2022இல் ஊர் மன்றத் தேர்தலோடு ஒரே நாளில் நடத்தியபோது வட்டாரத்துக்கான வாக்குப்பதிவு சுமார் 44 சதவீதத்துக்குத் தாவியது.

இரண்டாவது, வெளிநாட்டில் இருப்பவர்கள். ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு செக் குடியரசு, பிரிட்டன், ஆஸ்திரியா என்று வேலைக்குப் போன ஸ்லோவாக்கியர்கள் ஏராளம். பலர் ஊரிலேயே நிரந்தர முகவரியை வைத்திருப்பதால் உள்ளூர் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கும். பொதுத்தேர்தலில் அவர்கள் தபால் மூலம் வாக்களிக்கலாம். ஐரோப்பியத் தேர்தலில் முடியாது. ஸ்லோவாக்கிய வேட்பாளர்களுக்கு வாக்களிக்க நாட்டுக்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் தாம் வசிக்கும் ஒன்றிய நாட்டில் வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டும். ஒன்றியத்தின் சுதந்திர நடமாட்டத்தை மற்ற எவரையும்விட அதிகம் பயன்படுத்துகிறவர்களே ஒன்றியத்தின் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கச் சிரமப்படுவது விசித்திரம்தான். அவர்கள் பட்டியலில் எண்ணப்படுவதால் சதவீதமும் அந்த அளவுக்குக் கீழிறங்குகிறது. ஆனால் இதை மிகைப்படுத்தவும் கூடாது. அவர்கள் அனைவரையும் கழித்தாலும் 13 சதவீதம் 30 ஆகிவிடாது.

மூன்றாவது காரணத்தை நான் இவற்றைவிட முக்கியமாகக் கருதுகிறேன். ஐரோப்பா தொடர்பான பெரிய முடிவுகளை ஸ்லோவாக்கியர்கள் எடுத்திருக்கிறார்கள். ஆனால் எடுத்த இடம் வேறு. 1998 பொதுத்தேர்தல் அவற்றில் ஒன்று. மற்றொன்று 2011 அக்டோபர். யூரோ நெருக்கடியின் உச்சத்தில், கடனில் மூழ்கிய நாடுகளுக்கு உதவும் நிதி ஏற்பாட்டை விரிவாக்க யூரோ நாடுகள் அனைத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டது. மற்ற எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டு ஸ்லோவாக்கியா மட்டும் பாக்கி. தங்களைவிட வசதியான கிரேக்கர்களின் கடனுக்கு ஏழை ஸ்லோவாக்கியர்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டு, ஆளும் கூட்டணியில் இருந்த ரிச்சர்ட் சுலீக்கின் எஸ்ஏஎஸ் கட்சி ஆதரவு தர மறுத்தது. பிரதமர் இவெத்தா ரடிச்சோவா அந்த வாக்கெடுப்பைத் தம் அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பாகவே மாற்றினார். அக்டோபர் 11 அன்று தோற்றார். முன்கூட்டியே தேர்தல் நடத்துவது என்ற ஒப்பந்தத்தின் பேரில் எதிர்க்கட்சியான ஸ்மேர் இரண்டு நாள் கழித்து அதே திட்டத்துக்கு ஆதரவளித்து நிறைவேற்ற, 2012 மார்ச் தேர்தலில் ஃபீட்சோ 150 இடங்களில் 83ஐப் பிடித்துத் தனித்து ஆட்சி அமைத்தார். ஐரோப்பியக் கேள்வி ஒன்றால் ஓர் அரசே கவிழ்ந்த நாட்டில், ஐரோப்பா மக்களுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வதில் பொருளில்லை. அதைத் தீர்க்கும் இடம் தலைநகர் பிராடிஸ்லாவாவில் உள்ள தங்கள் நாடாளுமன்றம் என்று அவர்கள் கண்ணால் கண்டார்கள். சுலீக்கின் கதையும் அதையே சொல்கிறது. 2014இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 2016 பொதுத்தேர்தல் வந்ததும் ஊர் திரும்பி உள்நாட்டு நாடாளுமன்றத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இவ்வளவு குறைவானவர்கள் வாக்களித்தால் முடிவு எப்படி இருக்கும்? நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்காளரிடம் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு தாள் வீதம் ஒரு கட்டுத் தாள்களைத் தருவார்கள். 2014இல் 29 கட்சிகள். மறைவிடத்தில் ஒரு தாளை மட்டும் உறையில் போட்டு, விரும்பினால் அதிலுள்ள இரண்டு பேருக்கு விருப்பு வாக்குக் குறியிட்டு, பெட்டியில் சேர்க்க வேண்டும். செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதம் பெறும் கட்சிகளுக்கு மட்டும் விகிதாசாரப்படி இடங்கள் உண்டு. பதிவானது குறைவு என்பதால் அந்த 5 சதவீதம் வெறும் 28 ஆயிரம் வாக்குகளாகச் சுருங்கிவிட்டது. 13 இடங்களை எட்டுக் கட்சிகள் பங்கிட்டுக்கொண்டன. 2012இல் 11 லட்சத்து 34 ஆயிரம் வாக்குகள் பெற்ற ஸ்மேர், இப்போது 1 லட்சத்து 35 ஆயிரம் வாக்குகளோடு 24 சதவீதம் பெற்று முதலிடத்துக்கு வந்தது. மொத்த வாக்காளர்களில் அது 3 சதவீதம். ஹங்கேரிய மொழிச் சிறுபான்மையினரின் எஸ்எம்கே கட்சி 2012 பொதுத்தேர்தலில் 4.3 சதவீதத்தோடு வெளியே நின்றது, 2014இல் 6.5 சதவீதம் பெற்று ஓர் இடத்தை வென்றது. அந்தச் சமூகத்தின் இரு கட்சிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த வாக்கு 12 சதவீதத்துக்கு மேல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹங்கேரியர்கள் 8.5 சதவீதம்தான். பெரிய கட்சியின் ஆதரவாளர்கள் தூங்கிய நாளில் கட்டுக்கோப்பான சிறிய சமூகத்தின் குரல் ஓங்கி ஒலித்தது. அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை. வந்தவர்கள்தானே முடிவு செய்ய முடியும்.

பிறகு வாக்குப்பதிவு ஏறியது. 2019 மே மாதம் 22.7 சதவீதம், 2024 ஜூனில் 34.4 சதவீதம். பத்தே ஆண்டுகளில் இரண்டரை மடங்குக்கு மேல். ஐரோப்பிய விழிப்புணர்வு வளர்ந்துவிட்டது என்று பிரஸ்ஸல்ஸில் இதைக் கொண்டாடினார்கள். நாட்காட்டி மாறவில்லை, தபால் வாக்கு வரவில்லை. ஆகவே வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும். நடந்தது உள்நாட்டில்தான்.

2018 பிப்ரவரியில் ஊழலைத் துருவிவந்த பத்திரிகையாளர் யான் குட்சியாக்கும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தெருக்களில் திரண்ட கூட்டத்தின் அழுத்தத்தில் ஃபீட்சோ பிரதமர் பதவியிலிருந்து விலகினாலும் அவருடைய கட்சி ஆட்சியிலேயே தொடர்ந்தது. 2019 மார்ச்சில் வழக்கறிஞர் சுசானா சாப்புடோவா அதிபர் தேர்தலில் வென்றார். இந்த முறை மே மாதத்துக்கு ஒரு வழக்கு மிச்சம் இருந்தது: அதிபர் மாறினார், அரசு மாறவில்லை. சாப்புடோவா துணைத் தலைவராக இருந்த முற்போக்கு ஸ்லோவாக்கியா கட்சியின் கூட்டணி 20 சதவீதத்தோடு முதலிடம் பிடித்தது. 2024இலும் இதே வரிசை, திசை மட்டும் வேறு. முந்தைய அக்டோபரில் ஃபீட்சோ மீண்டும் பிரதமராகி, உக்ரைனுக்கு அரசு தரும் ராணுவ உதவியை நிறுத்தியிருந்தார். ஏப்ரலில் அவருடைய கூட்டணியைச் சேர்ந்த பீட்டர் பெல்லெக்ரினி அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே 15 அன்று ஹண்ட்லோவா நகரில் ஃபீட்சோ சுடப்பட்டு உயிர் பிழைத்தார். ஜூன் 8 அன்று இரு தரப்புக்கும் காரணம் இருந்தது. தோற்றவர்களுக்கு ஈடுகட்டும் வேகம், வென்றவர்களுக்குத் தலைவரின் மீது அனுதாபம். எதிர்க்கட்சியான முற்போக்கு ஸ்லோவாக்கியா 27.8, ஸ்மேர் 24.8. அதிபர் தேர்தலை அடுத்து வருவது 2014இல் வாக்குப்பதிவை அமுக்கியது, 2024இல் தூக்கிவிட்டது. முதலாவதில் சண்டை முடிந்திருந்தது, இரண்டாவதில் முடியவில்லை.

கூடுதல் வாக்குகள் தாராளவாதிகளுக்கு மட்டும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2014இல் 2 சதவீதத்தைக்கூட எட்டாத மரியான் கோட்லெபாவின் தீவிர வலதுசாரிக் கட்சி 2019இல் 12 சதவீதம் பெற்று இரண்டு பேரை அனுப்பியது. அதிலிருந்து பிரிந்தவர்களின் ரெப்புப்ளிகா கட்சியும் 2024இல் அதே அளவைப் பெற்றது. வாக்குப்பதிவு உயர்ந்தால் நடுநிலைக் கட்சிகள் தழைக்கும் என்று நம்பியவர்களுக்கு இது ஒத்துவராத சேதி.

இப்போது கடைசி இடத்தில் இருப்பது 21.4 சதவீதத்தோடு குரோஷியா. அங்கே 2024 ஏப்ரலில் பொதுத்தேர்தல் நடந்து முடிந்து, புதிய அரசு பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் ஜூன் 9 வந்தது. எல்லா நாடுகளிலும் தபால் வாக்கை அனுமதிப்பது, 28 உறுப்பினர்களை ஒன்றியம் முழுவதற்குமான ஒரே தொகுதியிலிருந்து தேர்ந்தெடுப்பது ஆகியவை அடங்கிய பொதுத் தேர்தல் சட்டத்தை ஐரோப்பிய நாடாளுமன்றம் 2022 மே 3 அன்று முன்மொழிந்தது. அதற்கு உறுப்பு நாட்டு அரசுகள் அனைத்தின் சம்மதமும் தேவை. அது கிடைக்காததால் 2024 தேர்தலும் பழைய விதிகளின்படியே நடந்தது. ஐரோப்பியத் தேர்தலில் உள்நாட்டுக் கணக்கைத் தீர்த்துப் பழகிய கட்சிகளே அந்த அரசுகளிலும் அமர்ந்திருக்கின்றன.